நிலாவெளி மணலில் கரட்: புல்லெண்ணெய் எப்போது, எவ்வளவு, எங்கே கூடாது

கரட் விதைத்த பாத்தியில் முதலில் பச்சை காட்டுவது கரட் அல்ல. ஈரம் பட்ட மூன்றாம் நாலாம் நாளே சாறணை தலைநீட்டிவிடும். பின்னாலேயே குப்பைக்கீரையும் நாய்க்கடுகும் வரும். கரட் முளைக்க 7 முதல் 12 நாள் எடுக்கும். முளைத்தாலும் புல் நுனிபோல இரண்டு மெல்லிய விதையிலைதான். முதல் உண்மையிலை விரிய இன்னொரு கிழமை வேண்டும். கத்தரி, மிளகாய் போல இலை பரப்பி நிழல் போட்டுக் களையை அமுக்கும் வல்லமை கரட்டுக்கு எந்த வயதிலும் இல்லை. ஆகவே முளைத்த நாளிலிருந்து முதல் ஆறு கிழமையும் பாத்தியை நாம்தான் காக்க வேண்டும். அதிலும் மூன்றாம் கிழமைக்குப் பிறகு களையை விட்டுவைத்தால் கிழங்கு பென்சில் தடிப்பிலேயே நின்றுவிடும். பிறகு எவ்வளவு பசளை போட்டாலும் அது திரும்பாது.

மலைநாட்டுக்கு எழுதிய களைநாசினி (புல்லெண்ணெய்) அளவைத் திருகோணமலையின் நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளிக் கரையோர மணலில் அப்படியே போடக்கூடாது. காரணம் எளியது. நுவரெலியா மண்ணில் சேதனப்பொருள் (உக்கிய இலைதழை) அதிகம், அது மருந்தைப் பிடித்து மேற்பரப்பிலேயே வைத்திருக்கும். நம் மணலில் பிடிக்க ஒன்றுமில்லை. கார்த்திகை மழை ஒன்று கொட்டினால் மருந்து களை விதையைத் தாண்டிக் கரட் வேருக்கு இறங்கும். அதையும் தாண்டினால் பக்கத்துக் கிணற்றுக்கு. எந்த மருந்து, எவ்வளவு, எந்த நாள் என்ற மூன்று கேள்விக்கும் விடை மண்ணைப் பார்த்துத்தான் வரவேண்டும்.

மண்ணை அறிய ஒரு கைப்பிடி போதும். ஈரமான மண்ணை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து விரியுங்கள். உடனே உதிர்ந்தால் மணல். உருண்டையாக நின்று, விரலால் தட்டியதும் உடைந்தால் மணற்பாங்கான இருவாட்டி (மணலும் களியும் கலந்த மண்). உருண்டையை நாடாபோல நசுக்க முடிந்தால் அதில் களி இருக்கிறது. அங்கே களைக்கு முன் கிழங்கு கவைவிடுவதுதான் உங்கள் பிரச்சினை.

விதைக்கும் முன்பே பாதி வேலை

திருகோணமலையில் கரட்டுக்குக் குளிர்ச்சி கிடைப்பது மார்கழி, தை, மாசி மாதங்களில். வெப்பம் தாங்கும் குறோடா வகை இனங்களைத்தான் இங்கே எடுக்க வேண்டும். அதிலும் மலைநாட்டுக் கரட்டின் நிறத்தையும் நீளத்தையும் எதிர்பார்க்கக் கூடாது. வடகீழ்ப் பருவமழை கார்த்திகை, மார்கழியில் உச்சத்தில் நிற்கும். பெருமழைக்கு நடுவே விதைத்தால் விதையும் ஓடும், மருந்தும் ஓடும். பாத்தியை ஐப்பசியிலேயே போட்டுவிட்டு, மழை சற்று ஓயும் இடைவெளியில் விதைப்பதுதான் இந்த முறைக்குப் பொருந்தும்.

பாத்தியை முன்கூட்டிப் போடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மண்ணைக் கிளறி, மட்டமாக்கி, விதைக்காமல் 2 முதல் 3 கிழமை விடுங்கள். மழை இல்லையென்றால் தண்ணீர் தெளியுங்கள். மேல் 2 சென்ரிமீற்றரில் காத்துக் கிடக்கும் களை விதைகளில் பெரும்பகுதி முளைத்துவிடும். அவற்றை இரண்டிலைப் பருவத்தில், வெயில் நாளாகப் பார்த்து, உழவாரத்தால் மேலோட்டமாகச் செருக்கிவிட வேண்டும். ஆழம் 2 சென்ரிமீற்றருக்கு மேல் போகவே கூடாது. ஆழக் கொத்தினால் கீழே தூங்கும் விதைகளை மேலே கொண்டுவந்து, புதிதாக ஒரு விதைப்பு விதைத்த கணக்காகிவிடும். இடம் பெரிதாக இருந்து கையால் முடியாவிட்டால், முளைத்த களைமேல் கிளைபொசேற்று அடித்து, 7 நாள் விட்டு, மண்ணைக் கிளறாமல் விதைக்கலாம். கோரையும் அறுகும் இருந்தால் 14 நாள் விடுங்கள். மருந்து கிழங்குக்கும் வேருக்கும் இறங்க அவ்வளவு நாள் வேண்டும்.

கிளைபொசேற்று இந்த நாட்டில் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். 2015இல் முழுத் தடை, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்வு, 2022இல் இறக்குமதிக் கட்டுப்பாடு நீக்கம். ஆகவே உங்கள் பயிருக்கு இன்று அனுமதி உண்டா என்பதைக் கமநல சேவை நிலையத்திலோ விவசாயப் போதனாசிரியரிடமோ கேட்டுவிட்டு வாங்குங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். தமிழில் லேபல் ஒட்டாத போத்தலை, எவ்வளவு மலிவானாலும், தொடவேண்டாம். பராகுவாட் என்ற களைநாசினி நாட்டில் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டுப் பல வருடமாகிறது. அதைக் கள்ளமாக விற்பவரிடம் வாங்கினால் சட்டச் சிக்கல் மட்டுமல்ல, ஒரு வாய் உள்ளே போனாலும் உயிருக்கு உத்தரவாதமில்லை.

கிளைபொசேற்றைக் கரைக்கும் தண்ணீரையும் கவனியுங்கள். கரையோரக் கிணறுகளில் கல்சியம் அதிகமான கடினத் தண்ணீர் வரும். அது மருந்தைக் கட்டிப்போடும். வாய்க்கால் கலங்கல் தண்ணீரில் களி துகளும் அதையே செய்யும். பீலியில் பிடித்த மழைத்தண்ணீர் இந்த வேலைக்கு முதல்தரம்.

கோரைக்கு இங்கேயே ஒரு சொல். கரட் முளைத்த பிறகு கோரையை மட்டும் தேர்ந்து கொல்ல நம்பகமான மருந்து கையில் இல்லை. அதற்கான காலம் ஆனி, ஆடி. கச்சான் காற்று வீசும் அந்த வறட்சியில் காணியை இரண்டு மூன்று தரம் புரட்டிப் போட்டால், மேலே வந்த கோரைக் கிழங்கு காய்ந்து செத்துப்போகும். காசு கொடுத்து வாங்கும் எந்த எண்ணெயையும்விட அந்தக் காற்று இந்த வேலையை நன்றாகச் செய்கிறது.

விதைத்த பிறகு, முளைக்கும் முன்

மணலுக்கு ஏற்ற களைநாசினி பென்டிமெத்தலின். தண்ணீரில் மிகமிகக் குறைவாகத்தான் கரையும். ஒரு லீற்றரில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. மண்துகளில் ஒட்டிக்கொண்டு மேலேயே நிற்கும். லினுரோன் என்ற இன்னொரு களைநாசினி அதைவிட நூறு மடங்குக்கு மேல் கரையும். மூன்றாவதான மெற்றிபுசின் ஒரு லீற்றரில் ஒரு கிராமுக்கு மேல் கரையும், மழையோடு ஓடுவதில் முதலாவது. மணலில் எதை எடுக்க வேண்டும் என்பதை இந்த மூன்று எண்களே சொல்லிவிடுகின்றன.

அளவு: ஹெக்டேயருக்கு 750 கிராம் செயற்படு பொருள் (போத்தலில் உண்மையாகக் களையைக் கொல்லும் பகுதி). லீற்றருக்கு 300 கிராம் உள்ள போத்தல் என்றால் அது ஹெக்டேயருக்கு 2.5 லீற்றர், ஏக்கருக்கு 1 லீற்றர், 100 சதுர மீற்றருக்கு 25 மி.லீ. உங்கள் போத்தலின் வீரியம் வேறாக இருந்தால் கணக்கு மாறும். 330 கிராம் உள்ளதில் 100 சதுர மீற்றருக்கு 23 மி.லீ. போதும். லேபலில் கரட்டுக்கு இதைவிடக் குறைந்த அளவு போட்டிருந்தால் லேபல் சொல்வதே அளவு. லேபலில் கரட் என்ற பெயரே இல்லையென்றால் போதனாசிரியரிடம் கேட்காமல் அடிக்க வேண்டாம்.

விதை 1 முதல் 1.5 சென்ரிமீற்றர் ஆழத்தில், ஒரே சீராக, மண் மூடி இருக்க வேண்டும். பென்டிமெத்தலின் கரட்டை விட்டுவைப்பதற்கு ஒரு காரணம், மருந்துப் படை மேலே, விதை கீழே என்ற இந்த இடைவெளிதான். கையால் வீசி விதைத்து விளக்குமாறால் தட்டிவிட்ட பாத்தியில் பாதி விதை மேலே கிடக்கும். அங்கே மருந்து களையையும் கரட்டையும் ஒன்றாகத்தான் பார்க்கும். 20 முதல் 25 சென்ரிமீற்றர் இடைவெளியில் வரிசை கீறி விதையுங்கள். கட்டி உடையாத மண்ணிலும் அடிக்க வேண்டாம். கட்டியின் நிழலில் மருந்து படாது, அடுத்த மழையில் கட்டி கரைந்ததும் அதற்குள்ளிருந்து களை முளைத்து வரும்.

விதைத்த அன்றோ மறுநாளோ, ஈர மண்ணில், பின்னேரம் காற்று அடங்கிய பிறகு அடியுங்கள். வெயிலில் காய்ந்த மேற்பரப்பில் கிடந்தால் இந்த மருந்து ஆவியாகியும் வெளிச்சத்தில் சிதைந்தும் வீணாகும். அடித்த மறுநாளுக்குள் சதுர மீற்றருக்கு 10 லீற்றர் அளவில் மெல்லிய தூறலாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். வாளியால் ஊற்றுவதோ, குழாயைத் திறந்து பாயவிடுவதோ கூடாது. அடுத்த இரண்டு நாளில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானிலை அறிவித்தல் வந்தால் அன்றைக்கு மருந்தடிக்கும் டாங்கியைத் தூக்க வேண்டாம். 50 மில்லிமீற்றர் ஒரே மூச்சில் பெய்தால் ஒட்டும் மருந்துகூட மணலோடு சேர்ந்து உருண்டு பாத்தியின் தாழ்ந்த பக்கம் குவியும். முளைத்த பிறகு பார்த்தால் மேட்டில் களை, பள்ளத்தில் வெறுமண். இந்தக் காட்சி எங்கே தெரிந்தாலும் காரணம் மழைதான், விதையின் குற்றமில்லை.

அடித்த பாத்தியில் நடக்காதீர்கள், கிளறாதீர்கள். கால் பட்ட இடத்தில் படை உடைந்து, சரியாகக் காலடி அளவுக்குக் களை முளைத்திருப்பதைப் பின்னால் காணலாம்.

மருந்து அளவுக்கு மிஞ்சியதை எப்படி அறிவது? முளை வந்து, நிமிர முடியாமல் சாயும். மெதுவாகப் பிடுங்கிப் பாருங்கள்: ஆணிவேர் நுனி கூராக இல்லாமல், தீக்குச்சி முனைபோலத் தடித்து நின்றிருக்கும். பக்கவேர் இராது. பூஞ்சண நோயில் சாய்ந்த நாற்றின் தண்டு மண்மட்டத்தில் அழுகி மெலிந்திருக்கும். மருந்துச் சேதத்தில் தண்டு நல்லதாகவே இருக்கும். இரண்டையும் குழப்பி, பூஞ்சண மருந்தையும் வாங்கி அடித்துக் காசைக் கொட்டுவது வழக்கமாக நடக்கிறது.

இந்த மருந்து சாறணை, குப்பைக்கீரை, ஓராண்டுப் புல்வகைகளை நன்றாக அடக்கும். கோரைக்கும் ஏற்கனவே முளைத்து நிற்பவற்றுக்கும் ஒன்றும் செய்யாது. பார்த்தீனியத்திடமும் பலவீனம்தான். மாரி மணலில் 3 முதல் 4 கிழமை தாங்கினால் திருப்திப்படலாம்.

டாங்கிக்கு எத்தனை மூடி என்று கேட்காதீர்கள்

கடையில் எப்போதும் கிடைக்கும் பதில் ‘டாங்கிக்கு இரண்டு மூடி’. நடக்கிற வேகமும் நொசிலும் (மருந்து தெளிக்கும் முனை) தெரியாமல் அந்தப் பதிலுக்கு அர்த்தமே கிடையாது. ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். 10 மீற்றருக்கு 10 மீற்றர் கயிறு பிடியுங்கள். டாங்கியில் 10 லீற்றர் வெறும் தண்ணீர் ஊற்றி, மருந்து அடிக்கும் அதே நடையில், அதே பம்பு வேகத்தில் அந்த இடம் முழுவதும் அடியுங்கள். மிஞ்சியதை அளந்து கழித்துப் பாருங்கள். 4.5 லீற்றர் செலவானது என்று வைப்போம். 16 லீற்றர் டாங்கி ஒன்று ஏறக்குறைய 355 சதுர மீற்றருக்குக் காணும். 100க்கு 25 மி.லீ. என்றால் டாங்கிக்கு 89 மி.லீ. வேகமாக நடப்பவர் 3 லீற்றர்தான் செலவழித்தார் என்றால் அவருடைய டாங்கிக்கு 133 மி.லீ. முன்னவர் பின்னவரின் அளவைக் கேட்டுப் போட்டால், நிலத்தில் விழுவது ஒன்றரை மடங்கு. மணலில் அந்த அரை மடங்கு கரட்டைக் கெடுத்துவிடலாம்.

நொசில் தட்டை விசிறி வகையாக இருக்கட்டும். பூச்சி மருந்துக்குப் போடும் கூம்பு நொசில் நுண்துளியாக்கிக் காற்றில் அனுப்பும். மண்ணிலிருந்து 50 சென்ரிமீற்றர் உயரத்தில், கையை இடம் வலமாக வீசாமல், நேராகப் பிடித்து நடக்க வேண்டும். வரிசை முடிவில் திரும்பும்போது விசையை விட்டுவிடுங்கள். திரும்பும் இடத்தில் இரட்டை அடி விழுந்து கரட் இல்லாத அரைவட்டங்கள் தெரியும் தோட்டங்கள் ஏராளம்.

டாங்கி யாருடையது என்பதும் முக்கியம். பெரும்போகத்தில் வயலுக்கு எம்.சி.பி.ஏ. என்ற அகன்ற இலைக் களைநாசினி அடித்த டாங்கியை இரவல் வாங்கினால், அடியில் ஒட்டிய மிச்சமே கரட்டின் இலைக்காம்பை முறுக்கிவிடும். இரவல் வாங்கத்தான் வேண்டுமென்றால் மூன்று தரம் கழுவி, சலவைச் சோடாக் கரைசலை நொசில்வரை ஓடவிட்டு ஓர் இரவு ஊறவைத்து, மறுபடி கழுவுங்கள். கழுவிய தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம். மணலில் நல்ல தண்ணீர் சில மீற்றர் கீழேதான் நிற்கிறது, குடிப்பதும் அதைத்தான்.

முளைத்த பிறகு

புல்வகைக்கு மட்டும் வேலைசெய்யும் மருந்துகள் கரட்டுக்குத் தீங்கில்லாதவை: புளூவாசிபொப், குயிசாலொபொப், கிளெதோடிம். குயிசாலொபொப் 5 சதவீத போத்தலில் பொதுவான அளவு ஹெக்டேயருக்கு 1 லீற்றர், அதாவது 100 சதுர மீற்றருக்கு 10 மி.லீ. புல் 2 முதல் 4 இலையில் இருக்கும்போது அடிக்க வேண்டும். ஈரமில்லாமல் வாடி நிற்கும் புல்லில் மருந்து உள்ளே நகராது. முதல் நாள் தண்ணீர் கட்டிவிட்டு அடியுங்கள். மூன்று நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று மறுபடி அடிக்க ஓடாதீர்கள். ஒரு கிழமை கழித்து நடுக்குருத்தைப் பிடித்து இழுங்கள்: அடி கபிலமாகி, எதிர்ப்பில்லாமல் கையோடு வந்தால் புல் செத்தாயிற்று, வெளியிலை பச்சையாக இருந்தாலும்கூட. கோரை புல் மாதிரித் தெரிந்தாலும் புல் அல்ல, தண்டு முக்கோணம். இந்த மருந்து அதை ஒன்றும் செய்யாது.

அகன்ற இலைக் களைக்கு உலகம் முழுவதும் கரட்டில் பேர்பெற்றது லினுரோன். கரையோர வெண்மணலில் அது வேண்டாம். சேதனப்பொருள் 1 சதவீதத்துக்குக் குறைந்த மண்ணில் அதன் சேதம் தெரிந்த விடயம். உள்ளே, பன்குளம் பக்கத்துச் செம்மண் கலந்த இருவாட்டியில், லேபலில் அனுமதி இருந்தால், கரட் 8 சென்ரிமீற்றர் உயரம் தாண்டிய பிறகு, களை 5 சென்ரிமீற்றருக்குள் இருக்கும்போது பாவிக்கலாம். 50 சதவீதத் தூள் 100 சதுர மீற்றருக்கு 10 கிராம். வெப்பம் 29 பாகைக்கு மேல் போகும் நாளில் கூடாது. ஒட்டுப்பசை, எண்ணெய், இலைப்பசளை, பூச்சிமருந்து எதையும் இதோடு கலக்கக் கூடாது. கரட் இலையின் மெழுகுப் படையும் அதற்கு ஒரு கவசம், இவை அதைக் கரைத்துவிடும். இரண்டு நாள் வெயில் கண்டு மெழுகு இறுகிய பிறகு அடிப்பது அதனால்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் லினுரோனுக்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது, இனப்பெருக்கத்துக்கு அது செய்யும் கேட்டை முன்வைத்து. கருவுற்ற பெண்கள் கலக்கும் இடத்துக்கே வரக்கூடாது. மெற்றிபுசினை மணலில் நினைக்கவே வேண்டாம்.

நம் பக்கம் களைநாசினி எல்லாவற்றுக்கும் ‘எண்ணெய்’ என்றுதான் பெயர். கரட்டைப் பொறுத்தவரை அந்தப் பெயர் ஒரு காலத்தில் அப்படியே உண்மை. 1940களில் அமெரிக்கத் தோட்டங்களில் கரட்டுக்கு அடித்த களைநாசினி வெள்ளைப் பெற்றோலிய எண்ணெய்தான். களை வாடிச் செத்தது, கரட் நின்றது. அந்தக் கதையைக் கேட்டு யாரும் மண்ணெண்ணெய்யோடு பாத்திக்குப் போக வேண்டாம். கிழங்கில் மணம் ஏறி விற்க முடியாமல் போகும்.

25 முதல் 30 நாளில் ஒரு கைக்களை எப்படியும் எடுக்கத்தான் வேண்டும். கரட்டை 5 சென்ரிமீற்றர் இடைவெளிக்கு ஐதாக்கும் அதே நாளில் அதையும் முடித்துவிடலாம். அப்போது ஒன்றுக்கொன்று மாறிப்போவது பார்த்தீனியமும் கரட்டும். இளமையில் இரண்டுக்கும் வெட்டுவெட்டான இலை. பார்த்தீனியத்தின் விதையிலை வட்டம், இலை சாம்பல் பூத்து மண்ணோடு படிந்திருக்கும். கரட்டின் விதையிலை ஊசிபோல நீளம், இலை நிமிர்ந்து நிற்கும். சந்தேகமென்றால் ஓர் இலையைக் கசக்கி மணந்து பாருங்கள், கரட் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பார்த்தீனியம் தோலில் அரிப்பும் புண்ணும் கொண்டுவரும், கையுறை போட்டே பிடுங்குங்கள். பூக்க விட்டால் அடுத்த மாரிக்கும் விதை போட்டுவிடும்.

கையும் கிணறும்

பென்டிமெத்தலின் மஞ்சள் சாயம். கையில் பட்டால் கழுவினாலும் நாலைந்து நாள் போகாது. தோலில் எவ்வளவு படுகிறது என்று அந்த மஞ்சளே சொல்லித்தரும், மற்ற மருந்துகள் நிறமில்லாமல் அதே இடத்தில் படுகின்றன. நைத்திரைல் கையுறை, நீளக்கால் சட்டை, பூட்ஸ், கலக்கும்போது கண்ணாடி. காற்றுக்கு எதிராக நடக்க வேண்டாம். வெறும் போத்தலை மூன்று தரம் அலசி, அலசிய தண்ணீரை டாங்கிக்கே ஊற்றி, ஓட்டை போட்டுவிடுங்கள். சமையலெண்ணெய் வாங்கக் கடைக்குக் கொடுத்தனுப்பும் போத்தலாக அது வீட்டுக்குள் திரும்பி வரக்கூடாது. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 1990க்கு அழைத்து, லேபலோடு போத்தலையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

பிடுங்குவதற்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பது லேபலில் இருக்கும். புளூவாசிபொப்புக்குக் கரட்டில் 45 நாள் என்பது அமெரிக்க லேபல் கணக்கு. 90 முதல் 100 நாள் பயிரில் அது பாதிக்குக் கிட்ட. ஆகவே புல்மருந்து ஆறாம் கிழமையோடு முடிய வேண்டும்.

கரட் கிளப்பிய காணியில் அடுத்து வெங்காயமோ பீற்றூட்டோ வைப்பதாக இருந்தால், லினுரோன் அடித்த நிலத்துக்கு 4 மாத இடைவெளி விடுங்கள். அவசரமென்றால் ஒரு சோதனை: பாத்தியின் மேல் 5 சென்ரிமீற்றர் மண்ணை நாலு சிரட்டையிலும், அடிக்காத வேலியோரத்து மண்ணை நாலு சிரட்டையிலும் நிரப்பி, கண்ணில் துளை போட்டு, இரண்டிலும் அதே பீற்றூட் விதையைப் போட்டு இரண்டு கிழமை தண்ணீர் விடுங்கள். வேலியோரத்து மண்ணில் நிமிர்ந்து, பாத்தி மண்ணில் இலையோரம் மஞ்சளித்துக் கருகினால் மருந்து இன்னும் போகவில்லை. அந்தப் போகத்துக்குக் காணியில் நிலக்கடலை போடலாமா என்று போதனாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.